படலை தாண்டினால் நிற்கும் இதயம்

கனகலிங்கத்தின் இதயம் வீட்டு வாசல் படலை வரைக்கும் ஒழுங்காகத் துடித்துக்கொண்டு வந்து, படலையைத் தாண்டி இருபது அடி ஓடியதும் நின்றுவிட்டது.

அப்படித்தான் கையிலிருந்த மணிக்கூடு சொன்னது. வழியனுப்ப வந்த பெண்சாதி நாகேஸ்வரி படலையடியில் நின்றபோது எழுபத்தெட்டு என்று காட்டியது. இப்போது அதே கண்ணாடியில் இரண்டு பூச்சியங்கள் குந்திக்கொண்டிருந்தன. கையை உதறினார். பூச்சியம். மணிக்கூட்டை வாயால் ஊதினார். பூச்சியம். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பயத்தில் அது படபடவென்று அடித்தது. ஆனால் அது கை சொல்கிற கதை. கனடாவிலிருந்து வந்த மணிக்கூடு சொல்கிற கதை வேறு. எதை நம்புவது? கனகலிங்கம் கனடாவைத்தான் நம்பினார்.

திரும்பி நடந்தார். ஓடவில்லை. இதயம் இல்லாமல் ஓடுவது புத்தியில்லை அல்லவா?

“என்ன, போன கையோடை திரும்பிட்டியள்?” என்றாள் நாகேஸ்வரி.

“இதயம் நிண்டுபோச்சு.”

“எந்த இதயம்?”

“எனக்கு எத்தினை இதயம் இருக்கு? இஞ்சை பாரும்!” கையை அவளுடைய மூக்குக்கு நேரே நீட்டினார். மணிக்கூடு எண்பத்திரண்டு என்று காட்டியது.

நாகேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “எண்பத்திரண்டு அடிக்கிறது நிண்டுபோன இதயமோ? வந்து பிட்டைச் சாப்பிடுங்கோ” என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள். அவள் போனதும் மறுபடி பூச்சியம்.

மனிசன் பதறியதற்கு நியாயம் இருந்தது. அக்கராயன் கிராமத்து விளையாட்டு விழாவில் நாற்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கென்று ஒரு மரதன் ஓட்டம் உண்டு. குளக்கட்டில் தொடங்கி, கோணாவில் சந்திக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். மூன்று வருடமாக அதில் முதலாமிடம் ரேடியோ திருத்துகிற இளையதம்பிக்கு. மூன்று வருடமாக இரண்டாமிடம் கனகலிங்கத்துக்கு. பின்னாலேயே ஓடி ஓடி, இளையதம்பியின் பெனியனில் எத்தனை ஓட்டை என்பதுகூட அவருக்கு மனப்பாடம். வருகிற ஆனியோடு கனகலிங்கத்துக்கு ஐம்பது முடிகிறது. அதற்குப் பிறகு விளையாட்டுக் கழகத்தில் அந்த வயதுக்காரருக்கு, பாட்டு நின்றதும் இடம் பிடிக்கிற சங்கீதக் கதிரை தவிர வேறொன்றும் இல்லை. இந்தப் பங்குனி விழாவை விட்டால் ஆயுசுக்கும் இரண்டாமிடம்தான்.

தகப்பன் நெஞ்சு நோவில் போனவர் என்பதால் ஒரு பயமும் உள்ளுக்குள் இருந்தது. தை மாதமே நாகேஸ்வரி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய், அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி முத்துலிங்கத்திடம் காட்டினாள். “இதயம் எருமை மாட்டின்ரை இதயம். வயிறுதான் ரெண்டு ஆளின்ரை வயிறு. தாராளமாய் ஓடட்டும்” என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னாலும் பயம் பயம்தானே.

அந்த நேரத்தில்தான் பார்சல் வந்தது. சமாதானப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததால், போரில் அடைபட்டிருந்த பாதை கொஞ்சம் இளகி, கொழும்புக்குப் போய்வந்த ஒருவரின் பையில் நாகேஸ்வரியின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டி ஒன்று அக்கராயன் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுப் பார்சல் பிரிக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். சவுக்காரமும் பவுடரும் பெண்களுக்கு. டோர்ச்சும் மணிக்கூடும் ஆம்பிளைக்கு. யாருடைய பெயருக்கு வந்தது என்கிற விசயம் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றோடு போய்விடும். நாகேஸ்வரி கடிதத்தில் இரண்டு வரி வாசிப்பதற்குள் மணிக்கூடு கனகலிங்கத்தின் கையில் ஏறிவிட்டது.

“இதயம் நிமிசத்துக்கு எத்தினை தரம் அடிக்குதெண்டு காட்டுமாம். பயிற்சிக்கு நல்லதாம்” என்று அவள் வாசித்தாள். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கடிதத்தை மடித்தாள்.

பெட்டிக்குள் கறுப்பு இலாஸ்ரிக் பட்டி ஒன்று மிஞ்சிக் கிடந்தது. “இது என்ன?” என்றார் கனகலிங்கம்.

“இடுப்பு நோவுக்குக் கட்டுற நாரிப்பட்டி போலை கிடக்கு. களை பிடுங்கிப் பிடுங்கி எனக்கும் நாரி விட்டுப்போச்சு, நான் கட்டுறன்” என்று பட்டியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கனகலிங்கத்துக்கு அதில் அக்கறையில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே கூத்து. வீட்டில் துடிக்கும், வெளியில் இறங்கினால் நிற்கும். பற்றரி இறங்கிவிட்டதோ என்று ஒரு யோசனை வந்தது. போர்க்காலத் தடையால் வன்னியில் அப்போது பற்றரி கண்ணால் காணக் கிடைக்காத சாமான். அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் இளையதம்பி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பாடவைக்கிற கெட்டிக்காரன். வேறு வழியில்லாமல் கனகலிங்கம் எதிரியின் கடைக்கே போய் நின்றார்.

இளையதம்பி மணிக்கூட்டைக் காதில் வைத்தார். முகர்ந்தும் பார்த்தார். பின்மூடியைக் கழற்றிப் பூட்டினார். “மணிக்கூடு நல்லாத்தான் இருக்கு கனகு. ஆள்தான் பழுது.”

“பகிடி விடாதையும் காணும். உம்மடை கையிலை கட்டிப் பாரும்.”

இளையதம்பி கட்டினார். பூச்சியம்.

“அப்ப நீரும் செத்துத்தான் போனீர்!” மூன்று நாளில் முதல் தடவையாகக் கனகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

நேரம் பார்த்து வந்தது போல, சந்தைக்குப் போய்வந்த நாகேஸ்வரி கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். “இஞ்சை என்ன செய்யிறியள்?” என்று கேட்டபடி மேசையில் கையூன்றினாள்.

இளையதம்பியின் கையிலிருந்த மணிக்கூடு நூற்றிருபத்தொன்று காட்டியது. காட்டினதோடு நிற்காமல் கீக் கீக் கீக் என்று கத்தவும் தொடங்கியது.

கனகலிங்கத்தின் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. “என்ன காணும் இது? இவ்வளவு நேரமும் சும்மா கிடந்த உம்மடை இதயம், என்ரை மனிசியைக் கண்டவுடனை ஏன் கத்துது?”

“ஐயோ கனகு, பிள்ளையாராணை எனக்கு ஒண்டும் தெரியாது!”

“தெரியாமலோ நூற்றிருபது அடிக்குது?”

இளையதம்பி மணிக்கூட்டைக் கழற்றப் பார்த்தார். வார் இறுகிக் கிடந்தது. நாகேஸ்வரி வெட்கத்தில் முகம் சிவந்து, “என்ன கதை கதைக்கிறியள் றோட்டிலை நிண்டு!” என்றாள். மணிக்கூடு நூற்றிமுப்பதுக்கு ஏறி இன்னும் பலமாகக் கத்தியது. கடைக்குப் பின்னாலிருந்த குசினியிலிருந்து இளையதம்பியின் பெண்சாதி இராசமலர் அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். “என்னப்பா சத்தம்?” என்று அவள் கேட்ட தொனியில் வார் தானாகவே கழன்று வந்தது.

கனகலிங்கம் மணிக்கூட்டைப் பறித்துத் தன் கையில் கட்டினார். அங்கேயும் அதே நூற்றிமுப்பது. அதைக் கண்டதும் இளையதம்பிக்கு உயிர் வந்தது.

“பாத்தீரோ, பாத்தீரோ! இது ஆற்றை கையிலை கிடந்தாலும் நாகேஸ்வரி பக்கத்திலை வந்தால்தான் வேலை செய்யுது. பற்றரி மணிக்கூட்டிலை இல்லை கனகு, உம்மடை மனிசியிலை கிடக்கு!”

பின்னேரத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தன் கையில் துடித்த பங்கை மட்டும் இளையதம்பி கவனமாக விட்டுவிட்டார். ‘கனகலிங்கத்தாற்றை இதயம் பெண்சாதி பக்கத்திலை நிண்டால்தான் துடிக்குமாம்’ என்பதுதான் சனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கக் கடையில் சீனிக்கு வரிசையில் நின்றால், “என்னண்ணை, மனிசியைக் கூட்டிவரேல்லையோ? மூச்சு வருகுதோ?” என்று கேட்டார்கள். வாய்க்கால் மதகில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கனகலிங்கத்துக்கு மானம் போயிற்று. சப்பாத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டு, வெளி விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப ஓடமாட்டியளோ?” என்று கேட்டாள் நாகேஸ்வரி.

“இதயமில்லாமல் எப்பிடியடியப்பா ஓடுறது?”

“அதுக்கென்ன, நான் பக்கத்திலை சைக்கிளிலை வாறன்.”

“சனம் சிரிக்கும்.”

“சனம் இப்பவும் சிரிக்குதுதானே. ஓடிக்கொண்டெண்டாலும் சிரிப்பை வாங்குவம்.”

அடுத்த நாள் விடியவே நாகேஸ்வரி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டு, இருக்கையை ஒரு விரல் உயர்த்தி, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். இருவரும் குளத்து றோட்டில் இறங்கினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் அவள் மிதித்தாள். இதயம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கனகலிங்கத்துக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

“எத்தினை காட்டுது?” என்று கேட்டாள் நாகேஸ்வரி.

“தொண்ணூறு.”

“தொண்ணூறு காணாது. கொஞ்சம் கூட்டுவம்” என்று அவள் ஊன்றி மிதித்தாள். அவள் முன்னுக்குப் போனால் தன் இதயம் நின்றுவிடும் என்ற பயத்தில் கனகலிங்கம் விழுந்தடித்துத் துரத்தினார்.

“இப்ப?”

“நூற்றி… ஐயோ… நூற்றிமுப்பது…”

“நல்லது. இதிலை பத்து நிமிசம் பிடிப்பம்.”

வீட்டுக்கு வந்ததும் கனகலிங்கம் ஒரு கொப்பியை எடுத்துக் கோடு கீறி, எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினார். விடிய எழும்பும்போது எத்தனை, ஓடும்போது எத்தனை, ஓடி முடித்து இளைப்பாறியபின் எத்தனை. நாகேஸ்வரியும் பக்கத்தில் இருந்து, “நேற்றையிலும் பாக்க இரண்டு குறைஞ்சிருக்கு” என்று அக்கறையோடு எட்டிப் பார்ப்பாள். தன் உடம்பில் மனிசிக்கு இவ்வளவு அக்கறையா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கல்யாணம் முடித்து இருபது வருடத்தில் இவ்வளவு கதை அவர்கள் கதைத்ததில்லை.

கொப்பியில் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. முதல் கிழமை விடிய எழுபத்தெட்டு அடித்த இதயம், ஐந்தாம் கிழமை அறுபத்திரண்டுக்கு இறங்கியது. நூற்றிமுப்பது காட்டிய அதே வேகத்துக்கு இப்போது நூற்றியைந்துதான். குளக்கட்டு ஏற்றத்தில் அவர் ஏலாமல் நடந்துபோனாலும் நூற்றைம்பது காட்டும். இறக்கத்தில் தலைதெறிக்க ஓடினாலும் எண்பதுக்குக் கீழே போகும். “இறக்கத்திலை என்ரை இதயம் ஓய்வெடுக்கப் பழகிட்டுது” என்று ஊருக்கு விளங்கப்படுத்தினார்.

உடம்பு மட்டும் வேறு மாதிரிச் சொன்னது. கெண்டைக்கால் இறுகி இரவில் நித்திரையில்லை. முழங்கால் இரண்டும் வீங்கின. மூச்சு வாங்குகிற வாங்கலில் வீதியோர மாடுகள் தலை நிமிர்த்திப் பார்த்தன. ஆனால் மணிக்கூடு நூற்றியைந்து என்றது. கனடா பொய் சொல்லுமா?

விழா நாள் வந்தது. ஒலிபெருக்கி விடியவே முழங்கத் தொடங்கியது. பெண்சாதி சைக்கிளில் கூட வரலாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம் எழும்பியது. “வரட்டும், வராட்டில் ஆள் வழியிலை நிண்டுபோகும்” என்று இளையதம்பியே சிபாரிசு செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். கனகலிங்கமும் சிரித்தார். கையில் எழுபது காட்டிக்கொண்டிருந்த மனிசனுக்கு என்ன கவலை?

விசில் ஊதியதும் பாய்ந்தார். முதல் மைலிலேயே இளையதம்பியின் பெனியன் பின்னால் போய்விட்டது.

“இஞ்சேருங்கோ, மெதுவாய்! திரும்பி வரவும் மூச்சு வேணும்” என்றாள் நாகேஸ்வரி.

“நீர் பேசாமல் வாரும். தொண்ணூற்றெட்டுத்தான்!”

கோணாவில் சந்தியில் திரும்பும்போது எதிரே வந்த இளையதம்பியின் முகத்தைக் கனகலிங்கம் கண்டார். மூன்று வருடமும் முதுகை மட்டும் பார்த்தவருக்கு, அந்த முகம் எவ்வளவு அழகாக வேர்த்துப்போயிருந்தது! வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினார். அந்தச் சந்தோசத்துக்கு ஈடாக எந்த வெற்றிக் கிண்ணத்தையும் அவர் வாங்கியிருக்க மாட்டார்.

குளக்கட்டு தெரிந்தது. வெள்ளைக் கோடும் தெரிந்தது. இன்னும் இருநூறு யார் தூரம் இருக்கையில் முழங்கால்கள் இரண்டும் ஒன்றாய்க் கதைத்து வைத்ததுபோல வேலைநிறுத்தம் செய்தன. கனகலிங்கம் றோட்டின் நடுவில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார்.

“ஐயோ, என்ன செய்யுது?” நாகேஸ்வரி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“ஒண்டுமில்லை… பார்… நூற்றி… நாலுதான்…”

இளையதம்பி வந்து சேர்ந்து, தயங்கி நின்றார். “கனகு! தண்ணி தரட்டோ?”

“நீர் போம் காணும்! நூற்றிநாலுதான்!”

இளையதம்பி இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கனகலிங்கம் எழும்பி, நொண்டி நொண்டிக் கோட்டைத் தாண்டினார். நாலாவது தடவையாக இரண்டாமிடம்.

முதலுதவிக் கொட்டிலில் அப்போதிக்கரி முத்துலிங்கம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, தன் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார். “நூற்றி எழுபத்தாறு.”

“இல்லை டொக்டர், தொண்ணூற்றாறு” என்று கனகலிங்கம் மற்றக் கையைக் காட்டினார். தலைமாட்டில் நாகேஸ்வரி விசிறிக்கொண்டு நின்றாள்.

“எனக்கு எண்ணத் தெரியாதெண்டு சொல்லுறீரோ?”

“உங்களுக்குத் தெரியும். ஆனால் இது கனடா.” கொப்பியையும் எடுத்து நீட்டினார்.

அப்போதிக்கரி கொப்பியைப் புரட்டினார். புருவம் ஏறியது. “இந்தக் கொப்பியிலை இருக்கிற ஆள் வலு திறம். ஆறு கிழமையிலை இப்பிடித் தேறின இதயத்தை நான் கண்டதில்லை. ஆனால் அது நீர் இல்லை. கிளிநொச்சிக்கு வந்த வெளிநாட்டு டொக்டர் ஒருத்தர் விடிய ஓடேக்கை இதைக் கட்டுறவர். மணிக்கூட்டோடை ஒரு பட்டி வரும். நெஞ்சைச் சுத்திக் கட்டவேணும். ஆற்றை நெஞ்சிலை பட்டி இருக்கோ, அந்த ஆளின்ரை துடிப்பைத்தான் பக்கத்திலை இருக்கிற மணிக்கூடு காட்டும். உம்மடை பட்டி எங்கை?”

“பட்டியோ?” என்ற கனகலிங்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

நாகேஸ்வரி விசிறியால் வாயைப் பொத்தினாள். “ஐயையோ! நான் நாரிப்பட்டி எண்டெல்லோ கட்டினனான்!”

அப்போதிக்கரி சிரித்த சிரிப்பில் அவர் இருந்த வாங்கு ஆடியது. கனகலிங்கத்துக்கு முதலில் காது எரிந்தது. அடுத்ததாக ஒரு சந்தேகம் வந்தது. “அப்ப அண்டைக்கு இளையதம்பியின்ரை கடையிலை கத்தினது?”

“சந்தையிலையிருந்து மூட்டையோடை மிதிச்சு வந்தனான். கத்தாமல் என்ன செய்யும்?”

அதற்குப் பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு நோகச் சிரித்தார். ஆறு கிழமையாக மனிசியின் இதயத்தைக் கையில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறார்! நாகேஸ்வரி தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். ஒன்றும் தெரியாமல் தன்னோடு தினமும் விடியவே அலைந்த பாவம், என்று அவருடைய மனம் இளகியது.

அப்போது ஒலிபெருக்கி அறிவித்தது. இந்த வருடம் புதிதாகத் தொடங்குகிற பெண்கள் சைக்கிள் ஓட்டம் இன்னும் அரை மணித்தியாலத்தில். கழகக் கூட்டத்தில் அந்தப் போட்டி தேவையில்லை என்று கையுயர்த்திய ஒரே அங்கத்தவர் கனகலிங்கம். ‘பொம்பிளையளுக்கு என்னத்துக்குச் சைக்கிள் ஓட்டம்’ என்று வீட்டிலும் வந்து அரை மணி நேரம் பேசியவர். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. சட்டென்று ஒரு யோசனை. அறுபத்திரண்டு அடிக்கிற இதயத்தை வைத்துக்கொண்டு என்ன சும்மா இருப்பது! நாகேஸ்வரிக்கே சொல்லாமல் பெயரைக் கொடுத்து அவளை அசத்திவிட வேண்டும்.

அப்போதிக்கரி தடுக்கத் தடுக்க எழும்பி, நொண்டிக்கொண்டு பதிவு மேசைக்குப் போனார். கழகத்தின் பதிவுக்காரி கிருசாந்தி பட்டியலோடு இருந்தாள்.

“பிள்ளை, கடைசி நேரமெண்டு சொல்லப்படாது. என்ரை மனிசின்ரை பேரையும் எழுது. அவளுக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் சேர்க்கிறன். நாகேஸ்வரி கனகலிங்கம்.”

கிருசாந்தி பட்டியலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பாவம் பார்த்தாள்.

“அவா மார்கழியிலையே முதலாவதாய்ப் பேர் தந்திட்டா மாமா. கனடாத் தம்பிக்கு எழுதி நெஞ்சுப்பட்டி எடுப்பிக்கிறன், அது வந்தாப் பிறகுதான் பயிற்சி எண்டும் சொன்னவா.”